எந்தப் பக்கத்துக் குரல்

நாற்பத்தாறு வயதில் எனக்கு இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. பசுமலைப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர் நான். இரண்டு காதுக்கும் மிஷின் வாங்கினேன்.

முதல் வாரமே தலைவலி. எங்கள் வகுப்பறைக்கு உயரமான கான்கிரீட் கூரை. மின்விசிறியும் பெஞ்சு இழுபடும் ஓசையும் போதாதென்று, என் குரலே சுவரில் மோதித் திரும்பி வந்தது. மிஷின் வாங்கிய இடத்தில் சொன்னேன். இரைச்சலையும் எதிரொலியையும் நன்றாகக் குறைத்துக் கொடுத்தார்கள்.

மறுநாள் வகுப்பில் அப்படியொரு அமைதி. பிள்ளைகள் பேசுவது தெளிவாகக் கேட்டது. ஆனால் எல்லாக் குரலும் என் தலைக்கு நடுவிலிருந்தே வந்தது. கதவோரம் இருப்பவள் சந்தேகம் கேட்டால், நான் ஜன்னலோரம் பார்த்துப் பதில் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு மாலை ரோட்டைக் கடக்கும்போது ஹாரன் கேட்டது. இடப்பக்கம் என்று நினைத்து வலப்பக்கம் ஒதுங்கினேன். பைக் அங்கேதான் வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் சறுக்கி நிறுத்தினார்.

"என்னக்கா, இம்புட்டு நேரமா ஹாரன் அடிக்கிறேன், வண்டிக்கு நேரா வாரீகளே!"

வீட்டில் சொன்னதும் என் கணவர் பயந்துவிட்டார். "வேலைய விட்ரு. வீட்லயே டியூசன் எடு."

"மிஷினை ஒருக்கா காட்டிட்டு வந்து பேசுவோம்ங்க" என்றேன்.

மிஷின் வாங்கிய இடத்துக்கு அவரும் கூட வந்தார். அங்கே காது பரிசோதிக்கும் பெண் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு சத்தம் பக்கத்துக் காதுக்கு முந்தி வரும், கொஞ்சம் கூடுதலாவும் கேக்கும். அத வச்சுத்தான் திசை தெரியும் மேடம். ரெண்டு மிஷினும் தனித்தனியாக் குறைச்சதுல அந்த வித்தியாசம் அழிஞ்சுபோச்சு. இனி ரெண்டும் சேந்து ஒரே மாதிரி குறைக்கட்டும். ஆனா கொஞ்சம் இரைச்சல் இருக்கும்."

"இருக்கட்டும்மா."

கம்ப்யூட்டரில் மாற்றிவிட்டு, என்னைக் கண்ணை மூடச் சொல்லி, சுற்றி நடந்து கைதட்டினார். முதல் தட்டுக்குத் தப்பாகக் கைகாட்டினேன். அடுத்தடுத்தவை சரியாக வந்தன. இடையில் வலப்பக்கம் யாரோ லேசாகச் செருமினார்கள்.

"இது எங்க வீட்டுக்காரர்" என்று திரும்பாமலே கைநீட்டினேன். கண் திறந்தபோது விரல் நேராக அவரைக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் சிரித்த சிரிப்பில் ஈரம் இருந்தது.

வேலையை விடும் பேச்சு அதோடு நின்றது. மறுநாள் மின்விசிறி இரைந்தது. என் குரலும் சற்றே திரும்பி வந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டே சொன்னேன், "கடைசி பெஞ்சு, வலது ஓரம், என்ன பேச்சு?"

"ஏடி, டீச்சருக்குக் கேட்டுருச்சுடி!"

அதுவும் கேட்டது.