பாஸுக்குக் கட்டின சேலை

சந்திரமதிக்குச் சேலை என்றாலே ஆகாது. சும்மா பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே எரிச்சல் வரும். மலாய் நாட்டில், ஜொகூர் பாரு பக்கம் இருக்கிற மாசாயில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள் அவள். விடிவதற்கு முன்னால் டிராக் பேண்ட், டி-ஷர்ட், தலையில் ஒட்ட வெட்டின கிராப்பு என்று கிளம்பிவிடுவாள். ஊரார் பிள்ளைகளின் வாந்தி, மூக்குச்சளி, கொட்டின மைலோ எல்லாவற்றையும் தாங்க அந்த உடுப்புதான் லாயக்கு. நாற்பது தாண்டும் வரைக்கும் அவளை எல்லாரும் டிரைவராகத்தான் பார்த்தார்கள். அவளும் அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுததில்லை.

அப்புறம்தான் கல்யாணம் வந்தது. தங்காக்கில் இருக்கிற அண்ணி செல்வராணி, கோயில் பார்க்கலாம் வா என்று திருச்சிக்குக் கூட்டிப் போனாள். போன இடத்தில் அர்ச்சுனனைக் காட்டினாள். இரும்புக் கடையில் நிறுவைக்கு நின்றவன். ஆள் பார்க்க நன்றாக இருந்தான், அதிகம் பேசவில்லை. பேசாதவன் நல்லவன் என்று சந்திரமதி நினைத்துவிட்டாள். தாலி கட்டி, பதிவு பண்ணி, அவனும் விசிட் விசாவில் மாசாய் வந்து சேர்ந்து நாலு மாசம் ஆகிறது.

வந்த நாளிலிருந்து தாமான் குடியிருப்பு முழுக்க ஒரே பேச்சு. "பாஸுக்காகத்தான் இவளக் கட்டிக்கிட்டான்." சந்திரமதி காதில் விழுந்தால் விடமாட்டாள். "உங்க வீட்டுக்காரரு எதுக்காகக் கட்டிக்கிட்டாராம்?" என்று திருப்பிக் கேட்பாள். வாய் அப்படிக் கேட்டாலும் மனசு கேட்கவில்லை. அர்ச்சுனனுக்கு வேண்டியது மனைவி வழியாக இங்கேயே தங்கிக்கொள்ள கவர்மெண்டு கொடுக்கிற பாஸ். கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு திருச்சிக்குப் போக வேண்டியதுதான். அவளுக்கு வேண்டியது வேறு. இந்த மனுஷன் தன்னைப் பிடித்துத்தான் வந்தான் என்று ஒரே ஒரு தடவை அவன் வாயால் கேட்டால் போதும்.

பாஸுக்கான இமிகிரேஷன் நேர்காணலுக்குத் தேதி வந்ததும் அண்ணி ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினாள். உள்ளே தங்காக் கடையில் எடுத்த சிவப்புப் பட்டு, சவுரி முடி, கை நிறையக் கண்ணாடி வளையல்.

"அண்ணி, நான் பேண்ட் சட்டையில போறேன். முழுக்கை, காலர், ஷூ. கவர்மெண்டு ஆபீசுக்கு அது போதும் லா."

"அலமாக்! ரெண்டு ஆம்பளைங்களுக்கு எதுக்குப் பாஸுன்னு கேப்பாங்க மதி. பொம்பளையா லட்சணமா போய் நில்லு. மாப்பிள்ளை, நீங்களும் ஊமை மாதிரி இருக்காம நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க."

மாப்பிள்ளை தலையை ஆட்டினான். இவளுக்காக ஒரு வார்த்தை பேசுவான் என்று பார்த்தால், பட்டைத் தொட்டுப் பார்த்து, "நல்ல சரக்கு" என்றான்.

அன்றைக்குக் காலையில் அண்ணி அவளை நாற்காலியில் உட்கார வைத்து ஊசியாகக் குத்தினாள். தோளில் ஊசி, இடுப்பில் ஊசி, கிராப்புத் தலையில் சவுரியை நிறுத்த இருபக்கமும் கொண்டை ஊசி. அந்தச் சவுரி யார் தலை முடியோ, எந்த ஊர்க்காரி மழித்துப் போட்டதோ! அதன்மேல் இரண்டு முழம் மல்லிகை வேறு. வாசனை இல்லை, நாற்றம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கண்ணாடியில் பார்த்தாள். யாரோ ஒருத்தி பார்த்தாள். தூ, கருமம் என்று அவளுக்கு வாயில் வந்தது, அண்ணிக்காக விழுங்கிக்கொண்டாள்.

அர்ச்சுனன் வந்து நின்றான். அண்ணி மகனின் கல்யாணக் கோட்டைப் போட்டிருந்தான், அந்துருண்டை வாடை குப்பென்று அடித்தது. அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தான்.

"இன்னைக்குத்தான் பொண்டாட்டி மாதிரி இருக்க."

அப்படியானால் நாலு மாசமாக நான் யார்? கேட்க நேரம் இல்லை. சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு வேனைக் கிளப்பினாள். கிளட்ச் மிதிக்க வேண்டுமே.

"எறக்கி விடு, யாராவது பாப்பாங்க."

"பாத்தா பாக்கட்டும். நீங்க ஓட்டுறீங்களா?"

அவனுக்கு சைக்கிள்தான் ஓட்டத் தெரியும். ஜொகூர் பாரு வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தான்.

இமிகிரேஷன் ஆபீசுக்கு வந்திருந்த ஜோடிகள் எல்லாம் சட்டை பேண்டும், பாஜு குரோங் என்கிற சாதாரண மலாய் உடுப்பும்தான். பட்டு கட்டி வந்தது இவள் ஒருத்தி. கூப்பிட்ட அறையில் இருந்த மலாய்க்கார அம்மா இவர்களைப் பார்த்ததும், "எங்கயாவது விருந்துக்குப் போற வழியா?" என்று மலாயில் கேட்டார். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் சந்திரமதிக்கு முகம் சுட்டது.

அர்ச்சுனனுக்கு மலாய் தெரியாது. அதனால் கேள்வியை அவளே தமிழில் கேட்டு, பதிலை அவளே மலாயில் சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டில் யார் சமைப்பது, யார் யார் கூட இருக்கிறார்கள் என்று நாலைந்து கேள்வி நல்லபடியாகப் போனது. அப்புறம் அந்த அம்மா பேனாவைக் கையில் பிடித்தபடி, "உங்களை ஏன் கட்டிக்கிட்டார்னு கேளுங்க" என்றார்.

சந்திரமதி அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னை எதுக்குக் கட்டிக்கிட்டீங்கன்னு கேக்குறாங்க."

அர்ச்சுனன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். இதற்காகவே காத்திருந்தவன் போல நிமிர்ந்தான்.

"இவளுக்கு வயசாயிடுச்சு. ஆம்பளை மாதிரி திரிஞ்சுக்கிட்டிருந்தா. ஒருத்தனும் எட்டிப் பாக்கல. பாவமேன்னு நான்தான் வாழ்க்கை குடுத்தேன். அப்படியே சொல்லு."

சீ! இவனுக்கு அவளைவிட மூணு வயசு கூட. தின்கிற சோறு, படுக்கிற வீடு, கைச்செலவு எல்லாம் அவள் வேன் ஓட்டிக் கொண்டுவந்தது. வாழ்க்கை மட்டும் இவன் கொடுத்தானாம்! அதைச் சொல்கிறபோது மூஞ்சியில் ஒரு பெருமை வேறு. ஆபீசாக இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே காறித் துப்பியிருப்பாள். அவன் சொன்னதை அப்படியே மலாயில் சொன்னால் எழுந்து போங்கள் என்பார்கள், அடுத்த விமானத்தில் அவன் ஊர். ஒரு நொடி நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"டியா சாயாங் சாயா," என்றாள். என்மேல் ஆசை வைத்துத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்த முடியவில்லை. "நான் பேண்ட் சட்டை போட்டு வேன் ஓட்டுறத போட்டோவுல பாத்தாராம். இந்தப் பொண்ணுதான் வேணும்னு சொன்னாராம். வேற மாதிரி மாத்திக்கச் சொல்லவே இல்லையாம்." சொல்லச் சொல்ல அவளுக்குக் குரல் உடைந்தது.

அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "நல்ல வீட்டுக்காரர் கிடைச்சிருக்கார்," என்றார். ஒரு வருஷத்துக்குக் கொடுக்கலாம் என்று எழுதினார். அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போதும் நீங்கள் கூட வர வேண்டும், நீங்கள் வராமல் ஆகாது என்றும் சொல்லி அனுப்பினார்.

வேனில் ஏறியதும் அர்ச்சுனனுக்கு வாய் திறந்தது. "பாத்தியா, நான் சொன்ன பேச்சுல அந்தம்மா அப்படியே உருகிட்டாங்க. இனிமே தினமும் சேலையே கட்டு, என்ன?"

சந்திரமதி சவுரியைப் பூவோடு பிடுங்கி அவன் மடியில் போட்டாள். கொண்டை ஊசி இழுத்துக் காதோரம் ரத்தம் எட்டிப் பார்த்தது, துடைக்கவில்லை.

"நீ சொன்னத நான் சொல்லல."

"பின்ன?"

சொன்னாள். தான் என்ன சொன்னாளோ அதை ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னாள். அவன் மடியில் கிடந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வருஷம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள நான் சொன்னத நிஜமாக்கு. இல்லேன்னா அடுத்த வருஷம் பேண்ட் சட்டை போட்டுக்கிட்டு வந்து, இன்னைக்கு நீ சொன்னத ஒரு எழுத்து விடாம அந்த அம்மாகிட்ட சொல்லிடுவேன்."