வசந்தி மிஸ் தேடிப் போன சோழி

அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரியில் மகளுக்குத் தடுப்பூசி போடக் காத்திருந்தபோது, கல்லூரியில் உடன் படித்த மல்லிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வசந்தி மிஸ் போயிட்டாங்க, உனக்குத் தெரியாதா?" என்றாள். போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவரிடம் விலங்கியல் படித்த நீங்களெல்லாம் அழுது ஓய்ந்திருப்பீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், சளி என்று பயந்தே பொழுதைக் கழிக்கும் நான் இப்போதுதான் எழுதுகிறேன்.

மிஸ் நாமகிரிப்பேட்டைக்காரர். எங்களைவிடப் பத்து வயதுகூட மூத்தவரல்லர். ஏழெட்டு வருடங்களுக்கு முன், எழுபதுகளின் கடைசியில், எங்களை மண்டபம் கடற்கரைக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்தார். அப்பா முடியாது என்றுவிட்டார். மிஸ் அதோடு விட்டிருந்தால், கடலைப் பார்க்காமலேயே கடல் உயிர்களைப் பற்றிப் பரீட்சை எழுதிவிட்டு, அடுத்த தை மாதம் கல்யாணமாகிப் போயிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்ககிரியில் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் தோட்டத்துக்கு மிஸ் நடந்தே வந்தார். அப்பா காளையின் கழுத்தில் சோழிப்பட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"பொட்டப்புள்ளைய அத்தன தூரம் அனுப்பி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, யாருங்க பதில் சொல்றது?"

"ஏனுங்க, இந்தச் சோழி ஒவ்வொண்ணும் கடல்ல ஊர்ந்துட்டிருந்த நத்தையோட ஓடுங்க. அது உங்க மாட்டுக் கழுத்துக்கு வந்திருக்குது. உங்க பொண்ணு அங்க போகக் கூடாதுங்களா?"

அப்பா பட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதை ஏதோ கொட்டை என்றே அதுவரை நினைத்திருந்தாராம். "அப்ப உசுரோட இருக்கறத பாத்துட்டு வந்து சொல்லோணும்" என்றார்.

பஸ்ஸில் மிஸ் என் காதோடு சொன்னார்: "நானும் புத்தகத்துலதான் பாத்திருக்கேன், சாமி."

கடல் உள்வாங்கியிருந்த நேரம். கல்லைப் புரட்டிப் புரட்டித் தேடினோம். நாங்கள் தேடியது, மாட்டுக் கழுத்தில் பார்த்துப் பழகிய வெள்ளைப் பளபளப்பை. ஒரு கல்லின் அடியில் கறுத்த சதைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. "இது ஏதோ அட்டை, விடு" என்றார் மிஸ். அதற்குள் என் விரல் பட்டுவிட்டது. சதை இரு பக்கமும் சுருங்கி உள்ளே போக, நடுவில் மஞ்சள் வெண்மையாய்ச் சோழி மின்னியது. உயிரோடு இருக்கும்போது அது தன் ஓட்டைத் தன் உடம்பாலேயே போர்த்தி வைத்திருக்குமாம். அந்தப் பளபளப்பே அதனால்தானாம். ஆசிரியை என்பதையும் மறந்து, முழங்கால் தண்ணீரில் நின்று மிஸ் கைதட்டினார். கல்லைப் பழையபடி வைக்கச் சொன்னார்.

"எம்பொண்ணு உசுரோட பாத்திருக்கறா" என்று அப்பா சந்தையில் மாடு பிடிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மேலே படிக்கிறேன் என்றபோது மறுக்கவில்லை.

இப்போது என் மகள் எதைத் தொடப் போனாலும் 'வேண்டாம்' என்று வாய்வரை வருகிறது. பாதி தடவை அதை விழுங்கி, தொட விடுகிறேன். விழுங்கும் அந்தப் பாதிதான் வசந்தி மிஸ் எனக்கு விட்டுப்போனது.