எண்ணூர்ப் புழுவின் இரண்டு வால்

என் கணவருக்குப் புழுப் பைத்தியம். இதை ஒளித்து வைத்து யாரும் என்னைக் கட்டிக்கொடுக்கவில்லை. மாப்பிள்ளை கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்டிரேட்டர், தட்டைப்புழுக்களை ஆராய்கிறார் என்று பெண் பார்க்க வந்தபோதே சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு அதில் மாதச் சம்பளம் என்பது மட்டும் புரிந்தது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராயபுரத்தில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எண்ணூருக்கு ரயில் ஏறுவோம். கழிமுகத்தில் தண்ணீர் வடிந்த நேரம் அவர் கல்லைப் புரட்டுவார். அடியில் வெற்றிலைக் கிழிசல் மாதிரி ஒட்டிக்கிடக்கும் புழுவை நான் தூரிகையால் தள்ளி ஜாடியில் விடுவேன். ஆடு அறுக்கும் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிக்கு மட்டும் அவர் தனியாகப் போவார். ஆட்டின் ஈரலில் குடியிருக்கும் தட்டைப்புழு அங்கே கிடைக்கும். ஈரலோடு அப்படியே தூக்கி வந்துவிடுவார்.

“இன்னாமே, வாராவாரம் ஈரல் வருது, கொயம்பு வாசனையே காணோம்?” என்பாள் பக்கத்துப் போர்ஷன்காரி. அவள் புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை. அவளுக்கு எங்கள் வீட்டு அடுப்பில்தான் வேலை.

அவருக்கு வேண்டியது அந்தப் புழுக்களின் விந்தணு. உயிரோடு துடிக்கும்போதே பார்க்க வேண்டும். கல்லூரிக்குக் கொண்டுபோவதற்குள் துவண்டுவிடும். அதனால் பேராசிரியரைக் கெஞ்சி ஒரு பழைய மைக்ராஸ்கோப்பை வீட்டுக்கே கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்திருந்தார். படம் போடுவது என் பொறுப்பு. அவர் வரைந்தால் யானைக்கும் பூனைக்கும் வித்தியாசம் தெரியாது.

எண்ணூர்ப் புழுவின் விந்தணுவுக்கு நூல் போன்ற உடம்பு, அதிலிருந்து பிரிந்து ஆடும் இரண்டு வால். ஈரல் புழுவின் அணு பார்வைக்கு வெறும் நூல்தான். ஆனால் முற்றாத பருவத்தில் பார்த்தால் அதற்கும் இரண்டு வால் முளைத்து, பிறகு உடம்போடு ஒட்டிப்போவது தெரியும். ஒன்று கடலோரக் கல்லடியில் வாழ்கிறது, மற்றது ஆட்டின் ஈரலுக்குள். இரண்டும் எந்தக் காலத்திலோ ஒரே வம்சமாக இருந்திருக்க வேண்டும் என்று அவர் அறைக்குள் குதித்தார். குட்டைத் தண்ணீரில் பிடித்த ஒரு பொடிப்புழுவின் அணுவுக்கோ வாலே இல்லை.

“ஆதியிலேர்ந்தே இல்லியா, இருந்து போய்ட்ச்சா? அதான் தெரியணும்” என்பார்.

அதை அந்த ஒரு புழுவிடம் கேட்டுப் பயனில்லை. அதன் உறவுமுறையில் உள்ள ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். அந்த ஞாயிறுகளில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊரும் உறவும் அதை என் தலையில் கட்டின. மாமியார் சொன்ன கோயிலுக்கெல்லாம் போனேன், தர்காவில் கயிறும் கட்டிக்கொண்டேன். எனக்கு ஒரு குறையும் இல்லை என்று லேடி டாக்டர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாதத்தில் நாள் கொஞ்சம் தள்ளிப்போனால் போதும், மனசுக்குள் பெயர் வைக்க ஆரம்பித்துவிடுவேன். பெண் என்றால் அவர் மூக்கு வரக்கூடாதே என்று கவலையும் படுவேன். பிறகு ஒரு காலை எல்லாம் முடிந்துபோகும். அன்றைக்குப் பார்த்துத்தான் குழாயடியில் பக்கத்துப் போர்ஷன்காரி, “இன்னாமே, இன்னும் ஒண்ணும் இல்லியா?” என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படி ஒருநாள் வந்த கோபத்தை அவரிடம் கொட்டினேன். “ஊர்ல கீற புழுவுதெல்லாம் பாக்குறீங்களே, உங்களுத ஒரு நாளாவது வெச்சுப் பாத்தீங்களா?”

அதற்குப் பிறகு அவர் என்னை எண்ணூருக்குக் கூப்பிடவில்லை. அவர் கோபம் தணியட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு ஞாயிறு காலை ஜன்னலோரத்திலிருந்து, “இங்க வந்து பாரு” என்றார்.

குனிந்து பார்த்தேன். வெளிச்ச வட்டம் மட்டும் தெரிந்தது. கண்ணாடித் தகட்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை வரிவரியாக நகர்த்தினேன். எவ்வளவு பொடியாக இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அங்கே தப்புவதற்கு ஒன்றுமே இல்லை.

“இன்னொரு தபா பாக்கலாங்க” என்றேன்.

“இத்தினி நாளா அதத்தான் பாத்துகினு கீறேன்” என்றார்.

என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து நேரே குழாயடிக்குப் போனார். பக்கத்துப் போர்ஷன்காரி குடத்தோடு நின்றிருந்தாள். “எம்மா, இனிமே அவள ஒண்ணும் கேக்காதீங்க. கொற எங்கிட்டதான் கீது. கண்ணால பாத்துட்டேன்” என்றார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் காலத்தில் எந்த ஆம்பிளை இப்படி நடுவாசலில் சொல்லியிருப்பான்? எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளே வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறு வாரமே எண்ணூருக்குப் போனோம், கல்லைப் புரட்டினோம், நான் படம் போட்டேன்.

விஷயம் ஊருக்கும் உறவுக்கும் பரவியது. அதன் பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை. குத்திக்காட்டத்தான் கேட்டார்கள், தெரியும். ஆனால் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தவரை எனக்கு ஒரு குழந்தை வர இடமிருந்தது. எத்தனையோ காலைகளில் குடம் நிரம்பி வழிந்த பிறகும், யாராவது ஒருத்தி அந்தக் கேள்வியைக் கேட்டுத் தொலைக்க மாட்டாளா என்று குழாயடியிலேயே நின்றிருக்கிறேன்.