சபீனாவின் அக்காவை விசாரித்தோம்

இன்று ஜெர்மனியின் ஹம் நகரில், நாங்கள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் ஓய்வறையில் ஒரு விசாரணை நடந்தது.

எங்களோடு வேலை செய்யும் சபீனா கொரியாவில் பிறந்தவள். கைக்குழந்தையாக ஒரு ஜெர்மன் குடும்பத்துக்குத் தத்து வந்தவள். பெற்றவர்களைத் தேடுவதாகத் தன் குழந்தைப் படத்தை இணையத்தில் போட்டிருந்தாள். இன்று கொரியாவிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: "நான் உன் அக்காவாக இருக்கலாம்."

இன்னொரு சக ஊழியரான ஈழத்துக் கமலா அக்கா சாப்பாட்டுப் பெட்டியை மூடினார்.

"கள்ளரா இருக்கும். ஊர் எவடம், ஆற்றை பிள்ளை எண்டு கேக்கச் சொல்லு."

எந்த ஊர், யாருடைய பிள்ளை: எந்தத் தமிழரைக் கண்டாலும் நாம் வைக்கிற பரீட்சை. சபீனாவுக்கு அதை டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொன்னேன்.

சபீனா சிரிக்கவில்லை. "கேட்கலாம். அவள் சொல்லும் பதில் சரியா என்று எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. இவளிடம் யாரும் எதையும் சொல்லி ஏமாற்றலாமே!

அதற்குள் அந்தப் பெண் மறுபடி எழுதினாள்: "உன்னை எப்படி நம்புவது? இவ்வளவு காலம் கழித்து எங்களிடம் என்ன வேண்டும்? இன்றைய பேப்பரைப் பிடித்தபடி படம் அனுப்பு."

கமலா அக்காவுக்குச் சொன்னேன். அவர் முகமே மாறிவிட்டது.

"உப்பிடிச் சந்தேகப்படுறாள் எண்டால் சொந்தம்தான். பேப்பரை எடுங்கோ."

படத்தை நான்தான் எடுத்தேன். சபீனா திரும்பத் திரும்பத் தலைமுடியைச் சரிசெய்தாள்.

இன்னும் பதில் இல்லை. உங்கள் சொந்தக்காரர்களில் யாராவது உங்களை விசாரிக்காமல் நம்பியிருந்தால் சொல்லுங்கள். எனக்கு அவர்கள்மேல்தான் சந்தேகம்.