பல்லுக்கு வைத்த பொட்டு

நான் எழுதத் தெரிந்தவள் இல்லை. ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, குளுவாங்கில் தையல் மெஷின் சாமான்கள் விற்கும் கடையில் இருபத்தைந்து ஆண்டுகளாக நிற்கிறேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதத் துணிந்ததற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். போன வாரம் சோபா தைக்கும் மலாய்க்காரர் ஒருவர் கடைக்கு வந்து, தோல் மெஷினுக்குப் பல் வேண்டும் என்றார். எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு என் நகங்களைப் பார்த்துக்கொண்டேன். ஏன் என்று கடையில் யாருக்கும் தெரியாது. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சிம்பாங் ரெங்கத்துக்கு அருகில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் குடியிருந்தோம். அப்பா ஆலையில் பிட்டர். அம்மா முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை பார்த்தார். மருந்து பட்டுப்பட்டு அவர் விரல்கள் உரிந்திருக்கும். குழம்பு பட்டால் எரியும் என்று கரண்டியால்தான் சாப்பிடுவார். மூவாரில் சோபா செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒருநாள் வேனில் தோல் தைக்கும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். துணி தைக்கும் மெஷினுக்கு இது அண்ணன் போல இருந்தது. மூன்று பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது.

“தவுக்கே சோதனைக்குக் குடுத்திருக்காரு அக்கா. ஆறு மெத்தை உறை. நல்லா வந்திச்சின்னா மெஷின் இங்கயே இருக்கும், மாசாமாசம் வேலை வரும், நீ டின்னத் தூக்க வேணாம். கெட்டுப்போச்சின்னா நான் திருப்பித் தூக்கிட்டுப் போகணும். என் இடுப்பு போயிரும் லா,” என்றார் மாமா. தவுக்கே என்பது அவருடைய முதலாளி.

அப்பாவுக்கு இதில் சம்மதம் இல்லை. சாமி மேடை இருக்கும் வீட்டுக்குள் மாட்டுத் தோல் வரக்கூடாது என்றார். மெஷின், பின்பக்கம் குளியலறையை ஒட்டிய தகரக் கூரையின் கீழே போய் நின்றது. “நா அதத் தொட மாட்டேன். ஒரு ஸ்குரு கழண்டாலும் என்னையக் கூப்புடாத,” என்று சொல்லிவிட்டார். ஆலையில் இருக்கும் அத்தனை இரும்பையும் கழற்றி மாட்டும் மனிதர், தம் வீட்டு மெஷினை மட்டும் முகம் திருப்பிக்கொண்டு கடந்து போனார்.

நான் அப்படி இல்லை. அந்த மெஷினை விட்டு நகரவே மாட்டேன். எனக்கு விளங்காத விஷயம் ஒன்றுதான். அம்மா தோலைத் தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. மேலே கையை மட்டும் வைத்திருந்தார். தோல் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. எது நகர்த்துகிறது?

அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, நூலைக் கழற்றிவிட்டு, பக்கத்துச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினேன். ஊசி இறங்கியது. அது வளையாமல் இருக்க, ஓட்டை போட்ட ஒரு சின்ன இரும்புத் துண்டு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாமா அதை ‘கைட்’ என்பார். ஊசி மேலே போனதும், கீழ்த்தகட்டின் இடுக்கில் இரண்டு வரிசைப் பற்கள் எட்டிப் பார்த்தன. மேலே எழும்பி, ஒரு நெல் அளவு பின்னுக்குப் போய், அமுங்கி, மறைவாகவே முன்னுக்குத் திரும்பி வந்து, மறுபடி எழும்பின. நான் மரவள்ளி இலை ஒன்றை வைத்தேன். இழுத்துக்கொண்டு போயிற்று. ரொட்டித் துண்டை வைத்தேன். அதையும் இழுத்தது. பள்ளிக்கூட நோட்டின் அட்டையை இழுத்து, பின்பக்கத்தில் வரிசையாகக் கடித்த தடம் வைத்தது. வேலையெல்லாம் பார்ப்பது ஊசி இல்லை, கீழே யார் கண்ணுக்கும் தெரியாமல் கிடக்கும் இந்தப் பல்தான் என்று கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஐந்து உறைகள் முடிந்து, ஆறாவது பாக்கி இருந்தபோது ஆயுத பூஜை வந்தது. அப்பா குளித்து, வேட்டி கட்டி, தம்முடைய ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அடுத்து மோட்டார் சைக்கிள், வெட்டுக்கத்தி, அரிவாள்மனை, என் புத்தகப் பை. அம்மா தட்டை ஏந்திக்கொண்டு பின்னாலேயே போனார். பின்வாசல் வரை வந்ததும் அப்பா திரும்பினார்.

“அந்த மெஷினு?” என்றார் அம்மா.

“செத்த மாட்டுத் தோலத் தைக்கிறதுக்கு சாமி கும்புடணுமா?”

அம்மா தட்டைச் சாமி மேடையில் வைத்துவிட்டார். நீங்களே வைக்கலாமே என்று பிறகு கேட்டேன். “வைக்க வேண்டியவங்க வைக்கணும்,” என்று மட்டும் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அரிவாள்மனைக்குக்கூடப் பொட்டு உண்டு, இதற்கு இல்லையா? அன்று மதியம் அம்மா கோயிலுக்கும் அப்பா கூட்டாளி வீட்டுக்கும் போன நேரத்தில், கிண்ணத்தோடு பின்பக்கம் போனேன். வெளியில் வைத்தால் அப்பா கண்ணில் படும். அதோடு, யாருக்கு வைக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். தோலை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் இரும்புக் காலைத் தூக்கிவிட்டு, பல் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்தேன். விரல் பெரிது, பல் சின்னது, இடுக்கெல்லாம் நிறைந்துவிட்டது. ஊசியையும் விட மனமில்லாமல், அதைப் பிடித்திருக்கும் கைடின் பின்பக்கம் குங்குமத்தை அழுத்தி வைத்தேன். காலை இறக்கிவிட்டு, கைகூப்பிக் கும்பிட்டும் கொண்டேன்.

மறுநாள் காலையில் அம்மா ஆறாவது உறையை எடுத்தார். வெண்ணெய் நிறத் தோல். அதன் முகப்பில் ஓரத் தையல் ஓட வேண்டும். தோலைக் காலுக்கடியில் கொடுத்துவிட்டு மிதித்தார். மெஷின் ஓடியது, தோல் நகரவில்லை. காய்ந்து இறுகிய சந்தனத்தால் பல் மொண்ணையாகிவிட்டது. ஊசி ஒரே இடத்தில் நாலு முறை, ஐந்து முறை இறங்கியது. அம்மா கையால் தள்ளினார். நகர்ந்த இடத்திலெல்லாம், மெஷின் எண்ணெயில் குழைந்த குங்குமத்தை ஊசி இறக்கியிருந்தது. ஓட்டைக்கு ஓட்டை சிவப்பு வளையம்.

துணி என்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை மூடாது. துடைத்தால் சிவப்பு இன்னும் பரவியது. அம்மா அதை மடியில் போட்டுக்கொண்டு, மெஷினில் எதுவும் கைவைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் துணி காயும் கொடிக்குப் பின்னால் நின்றேன்.

சாயங்காலம் உறைகளை எடுத்துப்போக மாமா வந்தார். தோலை விரித்துப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

“அலாமாக்! என்னக்கா இது, அம்மை போட்ட மாதிரி இருக்கு! இதத் தவுக்கே பாத்தாரு, மெஷினத் தூக்கிட்டு வான்னுருவாரு.”

“என்னான்னு எனக்கே தெரியலடா.”

மாமா ஸ்குரு டிரைவரை எடுத்துக் கீழ்த்தகட்டைக் கழற்றி, பல்லை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அம்மா அதைப் பார்த்தார். பிறகு மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். அந்த நேரம் வேலை முடிந்து அப்பா வந்து பின்வாசலில் நின்றார். சோற்றுப் பாத்திரம் இன்னும் கையில் இருந்தது.

“நீங்கதான் வெச்சீங்களா?” என்று கேட்டார் அம்மா. அவர் குரல் அப்படி மெலிந்து நான் கேட்டதில்லை.

அப்பா அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்தார். மடியில் கிடந்த தோலைப் பார்த்தார். அப்புறம் கொடிக்குப் பின்னால் நின்ற என்னை, என் விரல்களை. நகத்தின் ஓரத்தில் சிவப்பு இன்னும் போகவில்லை. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“ஆமா,” என்றார் அப்பா. “நேத்து நீ கோயிலுக்குப் போயிருந்தப்ப.”

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “மச்சான், பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலயா? பிட்டர்ன்னு வெளிய சொல்லாதீங்க லா!”

“எனக்கு எங்க தெரியும் ஒங்க மெஷினப் பத்தி? நானு எப்பவாச்சும் தொட்டுருக்கேனா?”

“தொட மாட்டேன்னு சொன்ன மனுசன்,” என்று அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. அப்பாவுக்குத் தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்துவிட்டு, பழைய பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பல் இடுக்கில் இருந்த சந்தனத்தை அவசரமில்லாமல் சுரண்டினார்.

எனக்கு அன்று ஒன்றுதான் தோன்றியது. எனக்கு முன்னாலோ பின்னாலோ அப்பாவும் போய்ச் சந்தனம் வைத்திருக்கிறார். நான் வைத்தது கொஞ்சம். பல்லை அடைத்தது அவர் வைத்ததாகத்தான் இருக்க வேண்டும். நெஞ்சு லேசாயிற்று. அப்பா மேல் கோபம்கூட வந்தது. இவ்வளவு பெரிய ஆள், எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்று தெரிய வேண்டாமா? அம்மா ஏன் அவரைத் திட்டவில்லை என்று இரவுச் சாப்பாடு வரை உம்மென்று இருந்தேன்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. மாமாவோடு வேனில் மூவாருக்குப் போனார். தவுக்கே ஐந்து உறைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெஷின் அங்கேயே இருக்கட்டும் என்று ஆறாவதுக்கு வேறு தோல் கொடுத்தாராம். அப்பா அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தார். பொழுது சாய்வதற்குள் அம்மா தைத்து முடித்தார்.