கிளட்ச் வயரும் ஒரு சோற்றுப் பொட்டலமும்

மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசர காலம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. கலும்பாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பட்டறையில் நான் பிட்டராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்து நான்கு, கல்யாணம் ஆகவில்லை. கையில் தொழில் இருந்தது. வாயில் அதைவிட அதிகமாகச் சவடால் இருந்தது. இப்போது எழுபதைத் தாண்டி, புக்கிட் செந்தோசாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். மாதா கோயிலில் எத்தனையோ தடவை பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். பொய், கள்ளு, கோபம் எல்லாவற்றையும் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காக, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த எங்கள் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வெளியே போக ஒரே ஒரு கேட். அதில் ஒரு மரக்கட்டைத் தடுப்பு. பொழுது விடிந்து பெரட்டில் பேர் கூப்பிட்ட பிறகு, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். தோட்டத்து ஸ்பெஷல் போலீஸ்காரர்கள் ஒவ்வொருவரையும் சோதித்து விடுவார்கள். பெண்களைச் சோதிக்கப் பக்கத்தில் ஒரு சின்னக் கொட்டகையும் அதில் ஒரு அம்மாளும் உண்டு. கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்ப்பார்கள். சீனி போடாத தேத்தண்ணி கொண்டு போகலாம். ஒரு பிடி சோறு கொண்டு போகக் கூடாது. பிடிபட்டால் ஜெயில்.

இந்தச் சட்டமெல்லாம் என்னைத் தொடவில்லை. காரணம், தோட்டத்து மேனேஜர் துரையின் மோட்டார் சைக்கிள்.

அது ரோட்டில் பறக்கிற வண்டி இல்லை. மரக்கட்டை, ஓடை, சேறு, மேடு எல்லாவற்றின் மேலும் நடை வேகத்தில் ஏறி இறங்குவதற்கென்றே செய்த வண்டி. டயரெல்லாம் பல்லு பல்லாக இருக்கும். புகைக்குழாய் தண்ணீரில் முங்காதபடி மேலே தூக்கி வளைந்திருக்கும். அக்கம்பக்கத்துத் தோட்டத் துரைமார்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்புக்குப் பின்னால் இந்த மாதிரி வண்டிகளில் ஒரு போட்டி வைப்பார்கள். யார் முதலில் போய்ச் சேர்கிறார் என்பது அதில் கணக்கே இல்லை. வழியில் காலைத் தரையில் ஊன்றக் கூடாது, அவ்வளவுதான். ஊன்றினால் ஒரு பிழை. பிழை குறைந்தவர் ஜெயித்தவர். நாடே பயந்து கிடந்தபோதும் அவர்கள் அந்த விளையாட்டை விடவில்லை.

வண்டியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவி, இழுவை பார்த்து மாட்ட வேண்டும். டயரில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும், அப்போதுதான் ஈர வேரின் மேல் வழுக்காது. ஆமை வேகத்திலும் இன்ஜின் அணையாதபடி கார்புரேட்டரைத் திருகி வைக்க வேண்டும். இதெல்லாம் செய்தால் ஓட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? துரையே ஓட்டச் சொல்வார். தினமும் காலையில் ரப்பர்க் காட்டின் கடைசித் தீம்பாரில் இருந்த தண்ணீர் பம்பைப் பார்க்க அந்த வண்டியில்தான் போவேன். ஒரு தடவை ஒரு போலீஸ்காரர் வண்டியின் டூல் பாக்ஸைத் திறந்து ஸ்பேனரையெல்லாம் கலைத்துவிட்டார் என்று துரை அவரை நன்றாகத் திட்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வண்டியில் யாரும் கை வைப்பதில்லை. எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

கேட்டில் நான் ஒரு வித்தை காட்டுவேன். தடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வண்டியை நிறுத்துவேன். முதல் கியரில் போட்டு, கிளட்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் மிதியில் வைத்தபடி எழுந்து நிற்பேன். கட்டையைத் தூக்கும் வரை காலை ஊன்ற மாட்டேன். வரிசையில் நிற்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சர்க்கஸ்காரன் என்று பேரே வைத்துவிட்டார்கள். எனக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

ஒரு நாள் சாயந்தரம் பொதுக் குழாயடியில் நின்று சவடால் அளந்துகொண்டிருந்தேன். "நம்ம மோட்டார எவனும் தொட மாட்டான்லா. தொட்டா தொர தோல உரிச்சுருவாரு," என்றேன். எங்கள் லயத்தில் நாலு வீடு தள்ளி இருந்த ஒரு அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பால் வெட்டுகிறவர். ஐந்து மாத கர்ப்பம். அவர் புருஷன் புகைக்கூட்டில் ரப்பர் சீட்டு காயவைக்கிற வேலை. மற்றவர்கள் போன பிறகு அந்த அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, காலையில எதுவும் எறங்க மாட்டேங்குது. மர நெரையில பாதி போறதுக்குள்ள கண்ணு இருட்டிக்கிட்டு வருது. நேத்து மரத்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். ஒரு கை சோறு கொண்டாந்து குடுப்பியா? ஒனக்குச் சிரமம் இல்லன்னா."

அவருக்குப் பாவம் பார்த்து ஒத்துக்கொண்டேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மை அது இல்லை. என் சவடாலை ஒருத்தர் நம்பிவிட்டாரே, இப்போது முடியாது என்றால் மானம் போய்விடுமே என்றுதான் ஒத்துக்கொண்டேன். "இது என்னா பெரிய வேல, குடுங்கக்கா," என்று தோளைக் குலுக்கினேன்.

மறுநாளிலிருந்து வாழையிலையில் சுற்றிய ஒரு பொட்டலம் டூல் பாக்ஸில் ஸ்பேனருக்குப் பக்கத்தில் போகும். ஒன்பது மணி வாக்கில் அவருடைய நெரைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக் கொடுப்பேன். சோறும் கொஞ்சம் கருவாடும் இருக்கும். மரத்தடியில் உட்கார்ந்து வேகவேகமாகச் சாப்பிட்டுவிட்டு, இலையை மண்ணில் புதைத்துவிடுவார். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படி நடந்தது. அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது எனக்கே தெரிந்தது.

அந்த வாரம் துரைக்குப் போட்டி இருந்தது. நானும் வண்டியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயந்தரம் துடைக்கும்போது கிளட்ச் வயரின் நுனியில், ஈயக் குண்டு வைத்து ஒட்டியிருக்கும் இடத்தில், இரண்டு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். புது வயர் பட்டறையில் தொங்கிக்கொண்டிருந்தது. மாற்ற அரை மணி நேரம் போதும். காலையில் பம்பைப் பார்த்துவிட்டு வந்து மாற்றிக்கொள்ளலாம், மத்தியானம்தானே போட்டி என்று விட்டுவிட்டேன். அவசர வேலை என்று அந்த ஞாயிற்றுக்கிழமையும் பால் வெட்டு வைத்திருந்தார்கள்.

காலையில் கேட்டுக்குப் போனேன். வரிசை நீளமாக நின்றது. அந்த அக்கா முன்பக்கமாகத்தான் வாளியோடு நின்றார். வழக்கம்போல வண்டியை நிறுத்தி, கிளட்சைப் பிடித்து எழுந்து நின்றேன். போலீஸ்காரர் வேண்டுமென்றே கட்டையை மெதுவாகத் தூக்கினார். நான் எவ்வளவு நேரம் தாங்குகிறேன் பார்க்கலாம் என்ற விளையாட்டுதான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது என் இடது கையில் படக்கென்று ஒரு சத்தம். வயர் அறுந்துவிட்டது.

பிடித்து வைத்திருந்த வண்டி ஒரே துள்ளாகத் துள்ளிக் கட்டையில் மோதி, என்னையும் தள்ளிக்கொண்டு சாய்ந்தது. டூல் பாக்ஸ் மூடி திறந்து ஸ்பேனரெல்லாம் சிதறியது. வாழையிலை பிரிந்து, வெள்ளை வெளேரென்று சோறு செம்மண்ணில் கொட்டியது.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். "சியாப்பா பூஞா?" என்றார். யாருடையது என்று கேட்கிறார்.

என் பசியாறலுக்குக் கொண்டு போனேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துரையின் ஆள் என்று நாலு திட்டு திட்டி, துரையிடம் அழைத்துப் போயிருப்பார்கள். அவர் ஒரு அறை கொடுத்திருக்கலாம், வேலைகூடப் போயிருக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் நடந்திருக்காது என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நிமிடம் என் கண்ணில் ஜெயில் கம்பிதான் தெரிந்தது. "எனக்குத் தெரியாது" என்றேன். அதோடு நிறுத்தினேனா? மறுபடி யாரும் கேட்காமலே என் கை எழுந்தது. வரிசையில் நின்ற அந்த அக்காவைக் காட்டியது. "அவங்க வீட்டுச் சோறு" என்று மலாயில் சொன்னேன்.

அவர் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். அழவில்லை. "என்னோடதுதான். இந்தத் தம்பிக்குத் தெரியாது. பட்டறையில வண்டி நின்னப்ப நான்தான் வச்சேன்," என்றார். பக்கத்தில் நின்ற மண்டோர், எங்களை மேய்க்கிற கங்காணி, அதை மலாயில் எடுத்துச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் லாரி வந்தது. கோலா குபு பாரு போலீஸ் ஸ்டேஷனுக்கு அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏறும்போது வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். தூக்கிவிட நாலு பேர் ஓடினார்கள். நான் ஸ்பேனர் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

துரை விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தார். சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறுந்த வயரைக் கையில் எடுத்து நுனியைப் பார்த்தார். "இதை ஏன் மாற்றவில்லை?" என்று மட்டும்தான் கேட்டார். என் முகம் சுண்டிவிட்டது. வெட்கத்தில் நிமிர முடியவில்லை. அதை எழுதவே இப்போது கை கூசுகிறது. ஒரு கர்ப்பிணியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அன்றைக்கு நான் தலை குனிந்தது ஒரு கிளட்ச் வயருக்காக. வயரை மாற்றிக் கொடுத்தேன். மத்தியானம் துரை போட்டிக்குப் போனார்.

அந்த அக்காவை மூன்று வாரம் உள்ளே வைத்திருந்தார்கள். திரும்பத் திரும்பக் கேட்டும் அவர் பேச்சை மாற்றவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி, தனக்குத்தான் கொண்டு போனாள் என்று கடைசியில் எச்சரித்து வெளியே விட்டார்கள். ஆனால் தோட்டத்தில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவரும் புருஷனும் பெட்டி சட்டியைக் கட்டிக்கொண்டு போன அன்று லயமே வெளியே நின்றது. நான் பட்டறையில் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, கழன்றே இல்லாத ஒரு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். சர்க்கஸ்காரன் என்றும் அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

ஆறேழு வருடம் கழிந்தது. நான் வேறு தோட்டத்துக்கு மாறியிருந்தேன். ஒரு பழைய பம்பு இன்ஜினை வாங்கி வர கோலா சிலாங்கூர் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். லாரிக்காகப் பட்டறை வாசலில் காத்துக்கொண்டிருந்தபோது, தலையில் விறகோடு ஒரு பெண் நின்று என்னைப் பார்த்தார். எனக்கு அடையாளம் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி! என்னா இப்படி எளைச்சுட்டே? வா, வந்து பசியாறிட்டுப் போ."

பின்னாலேயே போனேன். அந்த வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது ஆறு வயதுப் பெண்ணாக எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. தட்டில் சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பு ஊற்றினார். ஒரு வாய் எடுத்து வைத்தேன். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "அக்கா, அன்னைக்கு எனக்குப் பயம்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் குழம்புச் சட்டியை மூடிக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னார். "எனக்கும் பயந்தான் தம்பி. கையும் காலும் ஆடிப்போச்சு. ரெண்டு பேரும் உள்ள போயி என்னாத்துக்குலா? சாப்புடு, சோறு ஆறுது."

சாப்பிட்டேன். தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அது ஒன்றுதான் அன்றைக்கு என்னால் செய்ய முடிந்தது.

பிறகு எத்தனையோ மோட்டார்கள் ஓட்டிவிட்டேன். வயர் நுனியில் ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்த இடத்திலேயே மாற்றிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். எந்தத் தடுப்புக் கட்டைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாலும் இரண்டு காலையும் தரையில் ஊன்றிவிடுவேன். என் மகள்கூட, அப்பாவுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேலி செய்வாள். அவளிடமும் நான் காரணம் சொன்னதில்லை. பயத்தில் செய்துவிட்டேன், அந்த வயதில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று ஆறேழு வருடம் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அக்காவும் என்னைப் போலவே பயந்துதான் நின்றார் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த ஆறுதலும் எனக்கு இல்லை.