பார்லி பாயசமும் முதல் பந்தியும்

இன்று காலை அடுப்பில் பார்லி கொதித்துக்கொண்டிருந்தது. கால் வீக்கத்துக்கு டாக்டரம்மா சொன்ன வைத்தியம். மாத்திரை எழுதியிருந்தால் சந்தோஷமாக முழுங்கியிருப்பேன், கஞ்சித் தண்ணி குடி என்றுவிட்டார். அந்த வாசனை இருக்கிறதே, அதை வாசனை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். நனைந்த கோணிப்பையை வெயிலில் காயப்போட்ட மாதிரி. என் மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னம்மா, வீடே ஆஸ்பத்திரி மாதிரி நாறுது" என்றான். "டேய், வேதத்துல வர்ற தானியம்டா இது!" என்று அதட்டிவிட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அச்சு அசலாக அப்பாவின் பேச்சு.

அப்பா திண்டிவனத்தில் லைன்மேன். வாரம் முழுக்கக் கரண்டுக் கம்பத்தில் ஏறுவார், ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் ஏறுவார். சபை மூப்பர் அவர். சுற்றுப்பட்டில் இருந்த சின்னச் சின்ன கோயில்களுக்கெல்லாம் எங்கள் ஐயரால் (பாதிரியாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரே நாளில் போக முடியாது என்பதால், ஐயருக்குப் பதிலாக அப்பா தன் மொபெட்டில் போவார். பின்னால் நானோ அக்காவோ தொற்றிக்கொள்வோம். அப்பாவிடம் நல்ல குரல் இருந்தது, தைரியம் இருந்தது. பிரசங்கம்தான் ஒன்றே ஒன்று இருந்தது.

வாற்கோதுமைப் பிரசங்கம். பைபிளில் பார்லிக்கு அதுதான் பெயர். பணக்காரனுக்குக் கோதுமை, ஏழைக்கும் குதிரைக்கும் வாற்கோதுமை என்று ஆரம்பிப்பார். ஆனால் வயலில் முதலில் விளைவது எது? ஏழையின் தானியம்தான், தேவனுக்கு முதற்பலனாகப் போவதும் அதுதான் என்பார். அப்புறம் மாமியாரை விட்டுப் போகமாட்டேன் என்று கூடவே வந்த ரூத் வருவாள், சிந்திய கதிர் பொறுக்குவாள். அப்பாவுக்கு அங்கே கண் கலங்கும், கர்ச்சீப் வெளியே வரும். அடுத்தது போருக்குப் போன கிதியோன் கதை. எதிரிப் பாளயத்தில் ஒருவன் கனவு காண்கிறான், ஒரு வாற்கோதுமை அப்பம் உருண்டு வந்து கூடாரத்தையே கவிழ்க்கிறது. அப்பம் எப்படி உருண்டது என்று கையைச் சுழற்றிக் காட்டுவார். ஒரு ஊரில் அப்படிச் சுழற்றியதில் பூ ஜாடி உருண்டது. அக்காவும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்துக்கொண்டு கூடவே பிரசங்கம் பண்ணுவோம், அத்தனையும் மனப்பாடம்.

கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு ஊரில் ஒரு பெரியவர் எழுந்து, "வாற்கோதுமை வாற்கோதுமைன்றீங்களே, அத்த எந்தப் பட்டத்துலங்க வெதைக்கறது?" என்று கேட்டுவிட்டார். அப்பாவுக்கு எங்கே தெரியும்? அவர் அதைப் பார்த்ததே மெடிக்கல் ஷாப் டப்பாவில்தான். "கேப்பை மாதிரின்னு வச்சிக்கங்களேன்" என்று சமாளித்தார். "அப்ப கேப்பை அடைன்னே சொல்லிட்டுப் போங்க, எங்களுக்கும் புரியும்" என்றார் பெரியவர். அன்றிலிருந்து அந்த ஊருக்குப் போனால் மட்டும், இயேசு கூட்டத்துக்கே பகிர்ந்து கொடுத்த கதையில் அந்தப் பையனிடம் இருந்தது ஐந்து கேப்பை அடையும் இரண்டு மீனும்.

அந்தப் பையனின் ஐந்து வாற்கோதுமை அப்பம்தான் பிரசங்கத்தின் உச்சம். ஆயிரக்கணக்கில் ஜனம், கையில் இருப்பதோ ஐந்தே அப்பம். ஆண்டவர் என்ன சொன்னார்? முதலில் ஜனங்களை உட்காரவையுங்கள் என்றார். சீஷர்கள் எதிர்க் கேள்வி கேட்காமல் உட்காரவைத்தார்கள். இந்த இடத்தில் அப்பா பெஞ்சைத் தட்டுவார். "சோறு வந்த பெறவு உக்கார வைக்கறதுக்கு சீஷன் எதுக்குய்யா? ஓட்டல் சர்வர் போதும்! ஒண்ணும் இல்லாதப்ப உக்கார வச்சான் பாரு, அதான் கீழ்ப்படிதல்!"

தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ, அக்காவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. நான் அப்போது விழுப்புரத்தில் ஒரு நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சர், பிள்ளைகளைவிட நான்தான் அதிகம் கத்துவேன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அக்காவுக்கு ஏற்கெனவே ஒரு இடம் நிச்சயதார்த்தம் வரைக்கும் வந்து கலைந்துபோயிருந்தது. அதற்கப்புறம் ஊர் பேசின பேச்சில் அவள் பாதியாக இளைத்துவிட்டாள். அதனால் இந்தக் கல்யாணம் ஒரு கீறல் இல்லாமல் நடந்து முடியவேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். மாப்பிள்ளை கண்டமங்கலம், பாண்டிச்சேரியில் வேலை, தங்கமான மனுஷன். அவருடைய பெரியப்பாதான் எங்களுக்குப் பேஜாரு. உட்கார நாற்காலி போட்டால் ஏன் மெத்தை இல்லை என்பார்.

கல்யாணப் பந்தியில் பார்லி பாயசம் வைக்கவேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். அம்மா சாமியாடிவிட்டாள்.

"நீர்க்கடுப்புக்குக் குடிக்கற கஞ்சியக் கல்யாணத்துல ஊத்துவாங்களாய்யா?"

"ரூத்துக்குக் கல்யாணம் கூடிவந்ததே வாற்கோதுமை அறுப்புலதாண்டி."

"அவ கதிரு பொறுக்குனா. பாயசமா காய்ச்சினா?"

கடைசியில் அம்மாதான் இறங்கிவந்தாள். பார்லி இருப்பதே தெரியாத அளவுக்கு வெல்லமும் தேங்காய்ப் பாலும் ஏலக்காயும் போட்டு மூழ்கடித்துவிடுவது என்று ஏற்பாடு. பாயசம் எங்கள் வீட்டிலேயே காய்ச்சியது. பிரியாணிதான் விழுப்புரத்தில் ஒரு பாய் வீட்டில் தயாராகி வேனில் வரவேண்டும். அதுவும் பெரியப்பாவின் ஆர்டர்தான், அந்த பாய் கைப்பக்குவம் இல்லாமல் அவருக்கு இறங்காதாம்.

கோயிலில் கல்யாணம் ஜாம் ஜாமென்று முடிந்தது. வளாகத்தில் பந்தல், மே மாச வெயில், ஜனம் முழுக்க விசிறிக்கொண்டு நிற்கிறது. வேனைக் காணோம். செல்போன் எல்லாம் ஏது அப்போது? வாசலையே பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஒரு வழியாக வேன் கிளீனர் யாரோ ஒருவருடைய பைக்கில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினான். "கூட்டேரிப்பட்டாண்ட மல்லாட்டை லாரி கவுந்துகினு கெடக்குதுங்க. ரோடு முச்சூடும் கடலை மூட்டை. வண்டி நகரல. எப்ப வுடுவாங்கன்னு தெரியல."

பெரியப்பா காதில் அது விழாமல் இருக்குமா? துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏம்ப்பா, சோறு போடற எண்ணம் இருக்குதா இல்லியா? ஜல்தியா சொல்லுங்க. நாங்க பஸ்ஸப் புடிச்சிப் போய்க்கினே இருக்கோம். பொண்ண நீங்க அப்பறமா கொணாந்து வுடுங்க." அவர் பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை ஏதோ சமாதானம் சொல்லப்போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பக்கத்தில் அக்கா. வெள்ளைப் பட்டும் முக்காடுமாக நின்றவள் என் கையைப் பிடித்தாள். "ரெண்டாவது தடவடி" என்றாள். அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "பாப்பா, எலையப் போடு" என்றார்.

"அப்பா, வண்டி வரலப்பா!"

"தெரியும். ஜனங்கள உக்கார வையி."

எங்கிருந்து வருகிற வசனம் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை ஞாயிற்றுக்கிழமை கூடவே வாயசைத்திருக்கிறேன்! பாழாய்ப்போன பிரசங்கத்தை இங்கேயா அவிழ்க்கவேண்டும் என்று ஆத்திரமாக வந்தது. நம் பக்கத்துப் பந்தி தெரியுமே உங்களுக்கு. இலை போட்டுத் தண்ணீர் தெளித்து ஒருவரை உட்காரவைத்துவிட்டால் அவ்வளவுதான். சாப்பிடாமல் எழுப்பினால் வீட்டுக்காரன் அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது. அம்மா ஓடிவந்து, "மானம் போயிடும்யா, வேணாம்யா" என்று அவர் சட்டையைப் பிடித்தாள். அவர் அசையவில்லை. நான் திட்டிக்கொண்டேதான் இலை போட்டேன். பெரியப்பா முறைத்துக்கொண்டே முதல் வரிசையில் முதல் இலையில் உட்கார்ந்தார்.

இனிப்பைத்தானே முதலில் வைக்கவேண்டும்? அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆளுக்கொரு கப்பில் பார்லி பாயசம் போயிற்று. அப்பா எங்கள் ஐயரைப் பார்த்து, "ஜெபம் பண்ணுங்கய்யா" என்றார். எங்கள் ஐயரின் ஜெபத்துக்கு ஒரு கீர்த்தி உண்டு, அவர் ஆமென் சொல்வதற்குள் குழம்பில் ஆடை கட்டிவிடும். அன்றைக்குத்தான் அந்த நீளம் எனக்கு அமிர்தமாக இருந்தது. மணமக்கள், இரண்டு வீட்டார், சபையார், மாவட்டம், மழை என்று போய் முடிக்கப் பார்த்தார். அப்பா மெல்ல, "ஐயா, லாரி ஓட்டற சகோதரர்களுக்காகவும்" என்றார். ஐயர் அசராமல் அவர்களுக்கும் ஒரு சுற்று ஜெபித்தார்.

பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார். "இன்னாது இது?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பார்லி பாயசங்க."

"பார்லியா? யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

பந்தியே கொல்லென்று சிரித்தது. பெரியப்பா யோசித்தார், இன்னொரு வாய் குடித்தார், கப்பை நீட்டினார். "இன்னுங் கொஞ்சம் ஊத்து." அவர் நீட்டியதும் வரிசையே நீட்டியது. அப்பா பிரசங்கத்தை எடுத்துவிடப் போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவரோ கரண்டியும் கையுமாகப் போனார், வந்தார். நடுவில் கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். அண்டாவின் அடி தெரிய ஆரம்பித்தபோது வாசலில் ஹாரன் கேட்டது. வேன் பின்பக்கமாக உள்ளே வந்தது. அப்பாடா! அந்த பிரியாணி வாசனைக்கு ஈடாக எந்த மல்லிகையையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

திண்டிவனத்துக்காரங்க பாயசமே மூணு வாட்டி ஊத்தறவங்க என்று பெரியப்பா கண்டமங்கலம் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். அக்கா அந்த வீட்டில் ராணி மாதிரி இருந்தாள். அம்மா மட்டும், "விசுவாசமாம்! எலையில உக்காந்தவன் எழுந்திருக்கமாட்டான்னு கணக்குப் போட்டுக் கவுத்தாரு மனுஷன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அடுத்த ஞாயிறு அப்பாவுடன் போனேன். இந்தக் கதையையும் சேர்த்து வெளுத்து வாங்கப்போகிறார் என்று பார்த்தால், காணாமல்போன ஆட்டைப் பற்றிப் பேசினார். அதற்கடுத்த வாரமும் வேறு ஏதோ. வாற்கோதுமை திரும்ப வரவே இல்லை. அவர் ரிட்டயர் ஆனபிறகு ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அன்னிக்கி எனக்கு விசுவாசமே இல்லம்மா" என்றார். "ஒங்கக்கா மூஞ்சப் பாத்தேன். வேற ஒண்ணும் தெரியல, அந்த வார்த்தைதான் வாயில வந்திச்சி. அண்டாவுக்குப் பின்னால போயி நின்னு அழுதேன். அத்தினி வருசம் அந்த சீஷருங்களுக்கு பயமே இல்லாத மாதிரி பேசிக்கினு இருந்தேன் பாரு."

"இதையே பிரசங்கமா சொல்லலாமேப்பா."

"சொல்லலாம். தொண்ட அடைக்குது" என்று சிரித்தார்.

அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா மகளுக்குக் கல்யாணம், விழுப்புரத்தில் ஏசி மண்டபம். நாலு வழிச் சாலையில் கூட்டேரிப்பட்டு வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. பிரியாணி நேரத்துக்கு முன்பே வந்து ஆவி பறக்க நின்றது. ஜனங்கள் தட்டைக் கையில் ஏந்தி வரிசையில் போய் வாங்கிக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்கள். ஒரு குறை இல்லை. அக்கா மட்டும் தூண் ஓரமாக நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, எல்லாம் நல்லாத்தான போகுது?"

"நல்லாத்தான் போகுது" என்றாள் அக்கா. கண் நிறைந்துவிட்டது. "உக்கார வைக்கத்தான் ஆள் இல்ல."